‘ஆளற்ற பாறைத் தீவு’ என்று எழுதியவர்களுக்கு

ரொறன்ரோவில் நாற்பதாம் ஆண்டு நினைவு நிகழ்வை நடத்தவிருக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரித்திருக்கும் கைந்நூலின் அச்சுப்படி போன வாரம் எனக்கு வந்தது. பதினோராம் பக்கத்தில் உள்ள வரியை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்: “1986 ஓகஸ்டில் நம்மவர்கள் 155 பேர், கனடாவின் ஆளற்ற பாறைத் தீவு ஒன்றின் அருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது காப்பாற்றப்பட்டார்கள்.” தீவுக்குப் பெயர் இல்லை; அது நான் வாழும் நியூஃபவுண்ட்லாந்து. காப்பாற்றியது யார் என்று ஒரு சொல் இல்லை. அடுத்த வரியில் எல்லோரும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

அதே மின்னஞ்சலின் கடைசியில், இளையோரை இந்தத் தீவுக்கு அழைத்து வரும் பயணத்தைக் கைவிட்டுவிட்டதாகவும், அந்தப் பணத்தில் மண்டப நிகழ்வைப் பெரிதாக நடத்தப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். “அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கூட்டத்தில் பலரும் கேட்டார்களாம்.

இதைப் பற்றி உங்களுக்குத் தனியாக இரண்டு தடவை எழுதினேன். பதில் வரவில்லை. கைந்நூல் அச்சுக்குப் போவதற்குள் யாராவது கேட்க வேண்டும் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தின் மீன்பிடி ஊரான மயிலிட்டியில் பிறந்தவள். 1990 ஜூனில் போரால் ஊரைவிட்டு ஓடியபோது எனக்கு ஆறு வயது. அப்பாவின் வள்ளம் கரையிலேயே கிடந்தது. 2010இல் மேற்படிப்புக்காக நியூஃபவுண்ட்லாந்துக்கு, சென்ற் ஜோன்ஸில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் ரொறன்ரோவுக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொந்தக்காரர் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போகவில்லை. இப்போது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். வழியில் காண்கிற கிழவிகள் என்னை “மை லவ்” என்று கூப்பிட்டு நலம் கேட்கிற ஊர் இது. ஆளற்ற இடத்தில் பதினாறு ஆண்டுகள் வாழ முடியாது.

முதலில் சின்னத் திருத்தங்கள். உங்கள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி லாப்ரடோர் கரையில் இருக்கிறது. அது பெருநிலம், தீவு அல்ல. நம்மவர்கள் கண்டெடுக்கப்பட்டது தீவின் தென்கிழக்கு மூலையில், சென்ற் மேரிஸ் குடாவுக்கு வெளியே. அந்தப் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படம் ஒரு பெரிய பனிப்பாறை. வடக்கிலிருந்து மிதந்து வரும் பனிப்பாறைகளை இங்கே வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பார்க்கலாம். ஓகஸ்டில் அந்தத் தெற்குக் கரையில் அவை மிக அபூர்வம். அன்றைக்கு அந்த மக்களை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது பனிப்பாறை இல்லை, மூடுபனி. லாப்ரடோரின் குளிர்ந்த நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் இந்தத் தீவுக்குத் தென்கிழக்கே, கிராண்ட் பாங்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல்மேடையின் பக்கம் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் பிறக்கிற மூடுபனிக்குள் போனால் படகின் மறுமுனையில் இருப்பவரின் முகம் தெரியாது. நான் போயிருக்கிறேன். அந்தப் பனிக்குள் மூன்று நாள், இரண்டு திறந்த படகுகளில், 155 பேர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றி வந்த சரக்குக் கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஓகஸ்ட் 11ஆம் தேதி அவர்களைக் கண்டது அட்மிரல்ஸ் பீச் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிக் கப்பித்தான். அவருடைய படகின் பெயர் ‘அட்லாண்டிக் ரீப்பர்’. மீன் பிடிக்கப் போனவர். அவர் வானொலியில் கூப்பிட, அக்கம்பக்கத்தில் நின்ற மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்தன. மீனவர்கள் கையால் தூக்கித் தங்கள் படகுகளில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கக் கப்பல், சென்ற் ஜோன்ஸ் துறைமுகம், செய்தியாளர்கள், எல்லாம். தங்குவதற்கு இடம் கொடுத்தது நான் பின்னாளில் படித்த அதே பல்கலைக்கழகத்தின் விடுதி. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னதும், ஜெர்மனியிலிருந்து என்று பின்னர் தெரியவந்ததும், நாட்டின் மற்றப் பக்கங்களில் எழுந்த கோபமும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்தைப் பற்றிக் கைந்நூலில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோபப்பட்டவர்களுக்கு இரண்டு பக்கம், கடலிலிருந்து தூக்கியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை எப்படி நான் ஏற்பது?

சரி, ‘ஆளற்ற’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தீவின் பரப்பு 1,08,860 சதுர கிலோமீற்றர். இலங்கையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 2021 கணக்கெடுப்பில், தீவும் லாப்ரடோரும் சேர்ந்த இந்த மாகாணத்தில் 5,10,550 பேர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தீவில்தான். ஆனால் எனக்கு அந்தச் சொல் சுடுவதற்குக் காரணம் இந்த எண்கள் இல்லை. இந்தத் தீவை ஆளற்றது என்று முன்பும் சிலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படி எண்ணியதால் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்ததை இங்கே ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் படிக்கிறது.

பியோதுக் என்பது அவர்கள் பெயர். கோடையில் கடற்கரைக்கு வந்து சால்மன், கடல்நாய், கடற்பறவை முட்டை என்று சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தில் உள்நாட்டு ஆற்றங்கரைகளில் கரிபூ மான் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். உடம்பிலும் உடைமையிலும் செங்காவி பூசிக்கொள்வார்கள். ஐரோப்பிய மீனவர்கள் ஒவ்வொரு குடாவாகக் குடியேறி வர, கடற்கரை அவர்களுக்கு அடைபட்டது. பசி, காசநோய், துப்பாக்கி என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. 1819இல் டெமஸ்டுவிட் என்ற இளம் தாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மீட்க வந்த அவள் கணவன் நோனோசபாசுட்டை அந்த இடத்திலேயே கொன்றார்கள். பச்சைக் குழந்தையும் இறந்தது. அடுத்த ஆண்டு அவளும் காசநோயில் போய்விட்டாள். அவளுடைய உறவுக்காரி ஷனாடிதித், தன் மக்கள் எங்கெங்கே இருந்தார்கள், யார் எங்கே செத்தார்கள் என்று தாளில் வரைந்து காட்டிவிட்டு, 1829 ஜூன் 6ஆம் தேதி சென்ற் ஜோன்ஸில் இறந்தாள். நான் தினமும் வேலைக்குப் போகிற நகரம் அது.

டெமஸ்டுவிட்டின் மண்டையோடும் கணவனின் மண்டையோடும் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டன. கொன் ரிவர் என்ற இடத்தில் உள்ள மிக்மாக் என்ற முதற்குடி மக்களின் அப்போதைய தலைவர் மிஸ்ஸெல் ஜோ ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, 2020இல்தான் அவை எடின்பரோ அருங்காட்சியகத்திலிருந்து தீவுக்குத் திரும்பின. ஷனாடிதித்தோடு பியோதுக் இரத்தம் முடிந்துபோனதென்று எழுதுவதை மிக்மாக் முதியவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. கலந்து, தங்களுக்குள் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். மிக்மாக் மக்கள் இன்றைக்கும் இங்கேதான் வாழ்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாம், இன்னொரு மக்கள் கூட்டத்தின் இருப்பை ஒரு சொல்லில் துடைத்துவிட்டு, அதை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடாது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்யக்கூடாது.

வைக்கிங் குடியிருப்பைப் பற்றி உங்கள் குழுவில் யாரோ கேட்டதாக அறிந்தேன். உண்மைதான். தீவின் வடமுனையில் லான்சோ மெடோஸ் என்ற இடத்தில் 1960இல் ஒரு நோர்வே தம்பதியர் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் ஆய்வு சொன்னது. கொலம்பஸுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுக்கு முந்தியது. அது தனிக் கதை. நம் கதைக்கு நெருக்கமானது மீன்.

இந்தத் தீவில் ‘மீன்’ என்றால் கொட் மீன் மட்டும்தான். சால்மனை சால்மன் என்பார்கள், நெத்தலி அளவான கேப்லினைக் கேப்லின் என்பார்கள், வெறும் ‘மீன்’ என்றால் கொட். 1497இல் கபொட் என்ற மாலுமி வந்தபோது கூடையில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கினாலே மீன் நிறைந்து வந்தது என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு இங்கே நடந்தது அப்பா மயிலிட்டியில் செய்ததுதான். மீனைக் கொண்டுவந்து, கரையில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கொட்டிலில் தலை வெட்டி, முள் எடுத்து, பிளந்து, உப்புப் போட்டு அடுக்கி, பிறகு கழுவி, மரக்கொம்புகளால் கட்டிய பரண்களில் வெயிலுக்கு விரித்துக் காயவைப்பது. மழை தூறினால் பெண்களும் பிள்ளைகளும் ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தோல்பக்கம் மேலே வரத் திருப்பி வைப்பார்கள். கருவாடு போட்ட வீட்டில் பிறந்த எனக்கு இங்கே உள்ள பழைய படங்களைப் பார்த்தபோது அம்மாவின் குரல் கேட்டது. “மழை வருது, ஓடு!”

இங்கே மீனை வாங்கும் வியாபாரியிடமே வலையும் மாவும் சீனியும் கடனுக்கு வாங்கி, பருவம் முடிந்ததும் மீனைக் கொடுத்துக் கடனை அடைப்பார்கள். மீனுக்கு விலை வைப்பதும் அதே வியாபாரி. கையில் காசையே காணாமல் முழு வாழ்க்கையை முடித்தவர்கள் உண்டு. நம் கரையில் சம்மாட்டியிடம் கடன்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கே காய்ந்த கருவாட்டில் நல்ல ரகம் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் போனது. கழிவு ரகம் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு உணவாகப் போனது. அங்கிருந்து ரம்மும் வெல்லப்பாகும் திரும்பி வந்தன.

பெரிய இழுவைக் கப்பல்கள் வந்த பிறகு எல்லாம் மாறியது. இழுவைமடி என்ன செய்யும் என்று மயிலிட்டிக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1968இல் மட்டும் இந்தக் கடலில் எட்டு லட்சம் தொன்னுக்கு மேல் கொட் பிடிக்கப்பட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அயல்நாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. பிறகு தன் சொந்த இழுவைக் கப்பல்களைப் பெருக்கியது. கரையோரச் சிறுபடகுக்காரர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று எண்பதுகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்குப் போட்டவர்கள் கேட்கவில்லை. 1992 ஜூலை 2ஆம் தேதி, மீன்பிடி அமைச்சர் ஜோன் க்ரொஸ்பி வடக்குக் கொட் மீன்பிடியை நிறுத்தினார். சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுக்கென்று சொன்ன தடை 2024 வரை, 32 ஆண்டு நீடித்தது.

இதில் நம் கதை எங்கே என்று கேட்பீர்கள். 1986க்கும் 1992க்கும் இடையில் ஆறே ஆண்டுகள். சென்ற் மேரிஸ் குடாவும் அந்தத் தடைக்குள் வந்தது. நம்மவர்களைக் கடலிலிருந்து தூக்கியெடுத்த கரையில், ஆறே ஆண்டில் ‘மீன்’ இல்லை. நம்மவர்கள் ரொறன்ரோவில் வீடு வாங்கத் தொடங்கிய காலத்தில், அந்தக் கரைகளின் பிள்ளைகள் வேலை தேடி அதே ரொறன்ரோவுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் போனார்கள். அவர்களுடைய பேச்சுமொழியை வைத்துப் பெருநிலத்தில் பகிடி சொல்வார்கள். அந்தப் பகிடிகளை நம்மவர்களும் பழகிக்கொண்டு சொல்வதை ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீட்டில் என் காதால் கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1954 தொடங்கி 1975 வரை, சாலையும் மின்சாரமும் மருத்துவரும் கொடுக்க முடியாத சின்னஞ்சிறு கரையூர்களைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுத்தது. ஏறக்குறைய 300 ஊர்கள், 30,000 பேர் அளவில். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் பணம் என்று முதலில் விதி. பிறகு அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால் ஊருக்குள் அண்ணன் தம்பியே முகம் பார்க்காமல் போன இடங்கள் உண்டு. வீட்டை விட மனமில்லாதவர்கள் வீட்டையே கொண்டுபோனார்கள். இரண்டு மாடி மரவீட்டைக் கரைக்கு உருட்டி வந்து, வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி, படகுகளால் இழுத்துக் குடாவைக் கடத்தினார்கள். அந்தப் புகைப்படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை, அதிசயப்படவும் இல்லை. எங்களுக்கு அது வாய்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்தின் பிடியிலிருந்து 27 ஆண்டு கழித்து, 2017 ஜூலையில்தான் திறந்துவிடப்பட்டது. அம்மா போய்ப் பார்த்தாள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டும் இரண்டு படியும்தான் இருந்தன. தொலைபேசியில் அதைச் சொல்லி அழுதாள். அதற்கு அடுத்த கோடையில் எனக்குத் தெரிந்த எண்பது வயதுக்காரர் ஒருவர், தான் பிறந்து காலியான ஊருக்கு என்னைப் படகில் கூட்டிப்போனார். புல்லுக்குள் அத்திவாரக் கல். கொஞ்சம் தள்ளி, வேலியடைத்து இன்றைக்கும் யாரோ வெள்ளைச்சாயம் பூசி வைத்திருக்கிற கல்லறைகள். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டவர்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள். ஊர் இழந்த நம் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட விளங்கக்கூடிய இடம் கனடாவில் வேறு இருக்கிறதா?

1986இல் நடந்தது தற்செயல் என்று நீங்கள் எழுதிவிட்டுப் போகலாம். இந்தக் கரையின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். 1942 பெப்ரவரி 18ஆம் தேதி, புயலில் இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பியூரின் தீபகற்பத்தில் சென்ற் லோரன்ஸ் என்ற ஊரின் பக்கம் பாறையில் மோதி உடைந்தன. 203 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர் கயிறு கட்டி இறங்கி 186 பேரை மலைமுகட்டுக்கு இழுத்தெடுத்தார்கள். பெண்கள் அவர்கள் உடம்பில் அப்பியிருந்த கப்பல் எண்ணெயைக் கழுவினார்கள். காப்பாற்றப்பட்ட மாலுமிகளில் ஒருவர் லேனியர் பிலிப்ஸ், கறுப்பினத்தவர். எவ்வளவு தேய்த்தும் கறுப்பு போகவில்லையே என்று ஒரு பெண் கவலைப்பட்டிருக்கிறாள். அது என் நிறம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்தாள். வெள்ளையர் தன்னை மனிதனாக நடத்தியது அதுவே முதல்முறை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே தீபகற்பத்தில்தான் 1929 நவம்பரில் சுனாமி வந்து 28 பேரைக் கொண்டுபோனது. தந்திக் கம்பி அறுந்து கிடந்ததால் மூன்று நாள் வெளியே ஒருவருக்கும் தெரியாது. 2001 செப்டெம்பர் 11இல் 38 விமானங்கள் இந்தத் தீவின் காண்டர் விமானநிலையத்தில் இறக்கப்பட்டபோது, அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்கள் 6,600 பேர் அளவில் வீட்டிலும் பள்ளியிலும் தங்கவைத்தன. இதை எழுதுவதால் இங்கே உள்ளவர்கள் எல்லோரும் தெய்வங்கள் என்று நான் சொல்லவில்லை. பியோதுக் மக்களின் கதையை மேலே எழுதியிருக்கிறேன். கடலில் ஆள் என்றால் முதலில் தூக்கு, பிறகு கேள் என்ற பழக்கம் கடலில் பிள்ளைகளை இழந்த ஊர்களில் வளர்கிறது. கஸ் டால்ட்டன் அந்தப் பழக்கத்தில் வந்தவர். இந்த நாட்டின் மறுகரையில், வன்கூவர் தீவில், 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தடுப்புக் காவல். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னும் ‘பாறை’ பாக்கி இருக்கிறது. தீவுக்காரரே தங்கள் தீவைப் ‘பாறை’ என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். மண் குறைவு; உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டவே கல் பொறுக்க வேண்டும். ஆனால் அந்தப் பாறையை என்ன என்று நினைத்தீர்கள்? சென்ற் மேரிஸ் குடாவுக்குக் கிழக்கே, மிஸ்டேக்கன் பொயின்ற் என்ற முனையில், சுமார் 56 கோடி ஆண்டுக்கு முந்திய கடலடி உயிர்களின் அச்சு பாறைப் பலகைகளில் விரிந்து கிடக்கிறது. எலும்பும் ஓடும் கண்ணும் தோன்றுவதற்கு முந்திய காலத்து உயிர்கள். மூடுபனியில் மாலுமிகள் அந்த முனையைப் பக்கத்து முனையான கேப் ரேஸ் என்று நினைத்து ஏமாந்ததால் அந்தப் பெயர். 1967இல் அவற்றைக் கண்டெடுத்தவர் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் சிவ பாலக் மிஸ்ரா. அந்த உயிர்களில் ஓர் இனத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபிடமாக அறிவித்தது. அங்கே வழிகாட்டியோடுதான் போகலாம். பாறைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள், துணியுறை கொடுப்பார்கள். நான் முதல் தடவை போனபோது, கோயில் வாசலில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒன்று வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். இந்தத் தீவின் நேரம் ரொறன்ரோவைவிட ஒன்றரை மணி முந்தியது. அரை மணிக் கணக்கில் ஓடுகிற கடிகாரம் வட அமெரிக்காவில் இங்கேதான். இலங்கையின் நேரமும் அரை மணிக் கணக்கு. அதனால் நான் அம்மாவோடு பேசும்போது இரண்டு வீட்டுக் கடிகாரத்திலும் பெரிய முள் ஒரே இடத்தில் நிற்கும். வந்த புதிதில், தனியாக இருந்த நாள்களில், அதைப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

செலவைக் காரணம் சொன்னீர்கள். ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம். சென்ற் ஜோன்ஸிலிருந்து குடாவுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள். மண்டபத்தின் மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையை நீங்களே அனுப்பிய கணக்கில் பார்த்தேன். அதில் பாதி இருந்தால் பன்னிரண்டு பிள்ளைகள் வந்துபோகலாம்.

நான் கேட்பவை இவை. பதினோராம் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். ‘ஆளற்ற’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நியூஃபவுண்ட்லாந்து, சென்ற் மேரிஸ் குடா, அட்மிரல்ஸ் பீச், கஸ் டால்ட்டன், அட்லாண்டிக் ரீப்பர் என்ற பெயர்களைப் போடுங்கள். வரைபடத்தைத் திருத்துங்கள், பனிப்பாறைப் படத்தை எடுங்கள். தீவைப் பற்றி ஆறு பக்கம் சேருங்கள். நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். பியோதுக், மிக்மாக் மக்களைப் பற்றிய பகுதியை அச்சிடுவதற்கு முன் மிக்மாக் சமூகத்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்யுங்கள்.

இளையோர் பயணத்தைத் திரும்ப வையுங்கள். ஓகஸ்ட் 11ஆம் தேதி மண்டபத்தில் விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இந்தக் கரையில் நிற்க வேண்டும். குடாவின் மேற்குப் பக்கம் கேப் சென்ற் மேரிஸில், நூறு மீற்றர் உயரப் பாறைத் தூண் முழுவதும் வெள்ளையாகக் கடற்பறவைகள் குஞ்சோடு இருக்கும் காலம் அது. தங்குமிடத்தையும் வாகனத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். 1986இல் படகில் வந்தவர்களில் வர விரும்புகிறவர்களையும் கூட்டி வாருங்கள். மேடையில் முதலில் பேசும் இடத்தை, அன்றைக்கு உதவிய மீனவக் குடும்பங்களிலிருந்து வர ஒப்புக்கொள்ளும் ஒருவருக்குக் கொடுங்கள். அரசியல்வாதிகள் அதற்குப் பிறகு பேசட்டும்.

அந்தக் குடாவில் வயதான மீனவர் ஒருவர் என்னைக் காணும் ஒவ்வொரு கோடையிலும் கேட்பார்: “அவர்களெல்லாம் நன்றாக இருக்கிறார்களா?” இருக்கிறார்கள் என்று நான்தான் உங்கள் எல்லோர் சார்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டு நீங்கள் வந்து சொல்லுங்கள்.

ஜூலை 2ஆம் தேதிக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மயிலிட்டியில் பிறந்து சென்ற் ஜோன்ஸில் வாழும் ஆசிரியை